200 பேர் மேடையேற வேண்டுமென்றால்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் டெலகோர்ட் என்றொரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. சுமார் 1,800 பேர் உட்காரலாம். 1962 முதல் கோடைக்காலத்தில் அங்கே ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் காசு வாங்காமல் போடுகிறார்கள். நடத்துவது பப்ளிக் தியேட்டர். அதைத் தொடங்கிய ஜோசஃப் பாப், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பொது நூலகம் போல நாடகமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1957-லேயே ஒரு லாரியில் மேடையை ஏற்றிக்கொண்டு நகரத்தின் பகுதி பகுதியாகப் போய் நாடகம் போட்டார். 1959-ல் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ், கூட்டம் மிதித்துப் புல்தரை பாழாகிறது, டிக்கெட் போட்டு அந்தச் செலவைக் கட்டுங்கள் என்றார். பாப் நீதிமன்றத்துக்குப் போனார். மேல்முறையீட்டில் ஜெயித்தார். காசு வாங்காமல் நாடகம் போடுவது அப்படிப் போராடி வாங்கிய உரிமை.

அந்த உரிமைக்குள்ளும் ஒரு ஓட்டை இருந்தது. இலவச டிக்கெட்டை வாங்க விடிகாலையிலிருந்து பூங்காவில் வரிசையில் நிற்க வேண்டும். வேலை நாளில் ஏழெட்டு மணி நேரம் யாரால் நிற்க முடியும்? வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணால் முடியாது. ஒருநாள் கூலியை விட முடியாதவரால் முடியாது. கையில் காசு இருந்தவர்கள் ஆள் வைத்து வரிசையில் நிறுத்தினார்கள். இலவச டிக்கெட் இணையத்தில் விலைக்குப் போய், 2010-ல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தலையிடும் அளவுக்கு வந்தது. மெல்ல மெல்ல வேறு வழிகளும் கூடின. செல்பேசிக் குலுக்கல் வந்தது. நூலகங்கள், சமூகக் கூடங்கள் வழியாக நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் டிக்கெட் கொடுத்தார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை போட்டார்கள். எல்லாம் தேவையான திருத்தங்கள். ஆனாலும் இவையெல்லாம் பார்வையாளர் பக்கத்துச் சமத்துவம்தான். மேடையில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்காக அதே பப்ளிக் தியேட்டரில் 2012-ல் இயக்குநர் லியர் டிபெசனெட் தொடங்கியதுதான், ஊர்மக்களையே மேடையேற்றும் 'பப்ளிக் ஒர்க்ஸ்' திட்டம். பிறகு லாரி உல்லரி அதற்குத் தலைமை ஏற்றார். 1916-ல் ஷேக்ஸ்பியர் இறந்த 300-வது ஆண்டை ஒட்டி நியூயார்க்கின் லூயிசன் விளையாட்டரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் நடித்த ஒரு பிரமாண்ட நிகழ்ச்சி நடந்தது. டிபெசனெட்டுக்கு அது ஒரு முன்மாதிரி. 2013 செப்டம்பரில் மூன்று இரவுகள் 'தி டெம்பஸ்ட்' நடந்தது. மேடையில் சுமார் 200 பேர். அதில் தொழில்முறை நடிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் குழந்தைகள், பாட்டிமார்கள், வீட்டுப் பணியாளர்கள், சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று இரவுகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நாடகம் கண்ணில் படும். அதைத் தூக்கி நிறுத்திய வருடம் முழுவதுமான வேலை கண்ணில் படாது. உங்கள் ஊரில் இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால் அந்தக் கண்ணில் படாத பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பஸ் காசு, சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஒத்திகை நேரம் ஆகிய நான்கையும் சரியாக அமைத்தால் மேடை சமமாகும். இவற்றில் ஒன்று தவறினாலும், எத்தனை நல்ல எண்ணம் இருந்தாலும், கடைசியில் மேடையில் நிற்பது ஏற்கெனவே வசதி உள்ளவர்கள்தான்.

முதல் விஷயம், தனி ஆட்களைத் தேடக் கூடாது. அமைப்புகளைத் தேட வேண்டும். 'நடிக்க ஆசையா, வாருங்கள்' என்று பொது அறிவிப்பு கொடுத்தால், அதைப் படித்து, நேரம் ஒதுக்கி, துணிந்து வருகிறவர்கள் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் போய்ப் பழகியவர்களாக இருப்பார்கள். பப்ளிக் ஒர்க்ஸ் கைகோத்தது மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்களோடு: பிராங்க்ஸில் இளைஞர்களுக்குக் கலை சொல்லிக்கொடுக்கும் ட்ரீம்யார்டு, புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் பொழுதுபோக்கு மையம், சன்செட் பார்க்கில் குடும்பங்களுக்கான மையம், குழந்தைகளுக்கான சில்ட்ரன்ஸ் எய்டு, வீட்டுப் பணியாளர்களின் சங்கமான டொமஸ்டிக் ஒர்க்கர்ஸ் யுனைடெட், சிறையிலிருந்து திரும்பியவர்களோடு வேலை செய்யும் ஃபார்ச்சூன் சொசைட்டி. பயிற்சியாளர்கள் அங்கேயே போய் வகுப்பு எடுக்கிறார்கள். வகுப்பு கோடைக்கு மட்டும் இல்லை, ஆண்டு முழுவதும். இடையிடையே எல்லா அமைப்பினரும் ஒன்றுகூடிச் சாப்பிடுகிறார்கள், பப்ளிக் தியேட்டரின் மற்ற நாடகங்களைப் பார்க்கிறார்கள். கோடை முடியும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே மேடையில்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அமைப்புக்கு போன் போட்டு 'முப்பது பிள்ளைகள் வேண்டும்' என்று கேட்பது. பிள்ளைகள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் அதே அமைப்பு போனை எடுக்காது. கூட்டு என்றால் குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, அமைப்பின் பக்கம் இந்த வேலையைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அரங்கமே சம்பளம் கொடுக்கும். அந்த ஒருங்கிணைப்பாளருக்கு ஏற்கெனவே ஐந்து வேலை இருக்கும். ஆறாவதைச் சும்மா சுமத்தினால் முதலில் உதிர்வது நாடகம்தான். இரண்டு, வகுப்பின் நாளையும் நேரத்தையும் அமைப்பு தீர்மானிக்கும், அரங்கம் அதற்கு ஏற்ப ஓடும்.

நேரம் என்றதும் நிறைய பேர் மாலை ஆறு மணி என்று போட்டுவிடுகிறார்கள். யாருக்கு ஆறு மணி? இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அந்த வீட்டுக்காரர்கள் திரும்பிய பிறகுதான் கிளம்ப முடியும். அவருக்கு ஏழரை. பள்ளிப் பிள்ளைக்கு நாலு மணி. முதியோருக்குக் காலை பத்து, இருட்டுவதற்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். ஆகவே முதல் ஐந்தாறு வாரம் எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரவழைக்காதீர்கள். ஒவ்வொரு குழுவும், குழுவுக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்ளலாம், அவரவர் இடத்தில் அவரவர் நேரத்தில் தங்கள் பாட்டையும் அசைவையும் பழகட்டும். கதையையும் அதற்கேற்ப எழுத வேண்டும்: முதியோர் குழுவுக்கு ஒரு காட்சி, பிள்ளைகளுக்கு ஒரு காட்சி, எல்லோரும் சேர்வது தொடக்கத்திலும் முடிவிலும். கடைசி மூன்று வாரம்தான் கூட்டு ஒத்திகை.

200 என்ற எண்ணிக்கையைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதிப் பேர்தான் நாடகம் முழுவதும் இருக்கும் கூட்டம். மீதிப் பேர் தங்கள் சொந்த நிகழ்ச்சியோடு ஒரே ஒரு முறை வந்துபோகும் குழுக்கள்: ஒரு நடனக் குழு, ஒரு தேவாலயப் பாடகர் குழு, ஒரு பள்ளி பேண்டு. 2019-ல் பப்ளிக் ஒர்க்ஸின் 'ஹெர்குலிஸ்' நடந்தபோது பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் பள்ளி பேண்டு ஒன்று அணிவகுத்து வந்தது. இப்படி வருபவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். மூன்று நிமிட இடம் ஒதுக்கி, மேடையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது மற்ற நூறு பேருக்குத்தான்.

இப்போது பஸ் காசு. நியூயார்க்கின் சுரங்க ரயிலான சப்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து 2025 முடியும்வரை ஒருவழிக் கட்டணம் 2.90 டாலராக இருந்தது. அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். போய்வர 5.80. ஒரு சீசனுக்கு 40 வகுப்பும் ஒத்திகையும் என்றால் 232 டாலர். 44 அங்குலம் வரை உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி வளர்ந்த இரண்டு பிள்ளைகளோடு ஒரு அம்மா முழுக் கட்டணம் கட்டி வந்தால் 696 டாலர். அனுமதி இலவசம் என்று சொல்லும் ஒரு திட்டத்தில் அந்தக் குடும்பம் கட்டும் தொகை இது. எனவே பயணச் செலவை அரங்கம் கொடுக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோருக்கும். 'தேவைப்படுபவர்கள் அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம்' என்று அறிவித்தால் கூச்சப்பட்டு யாரும் வரமாட்டார்கள். கேட்பதற்குப் பதில், சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுவார்கள். வருகைப் பதிவு மேஜையிலேயே பெயரை எழுதியவுடன் ஒவ்வொருவர் கையிலும் அன்றைய பயணத்துக்கானதைக் கொடுத்துவிடுங்கள். வசதியானவருக்கும் ஆறு டாலர் போகிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த மேஜையில் யார் ஏழை என்று தெரியாமல் இருப்பதற்கான விலை அது.

அந்த வருகைப் பதிவுத் தாளிலேயே இன்னும் சில கட்டங்கள் வரையுங்கள். பெயர் எப்படி எழுத வேண்டும் என்று அவரே எழுதட்டும், நிகழ்ச்சிக் கையேட்டில் அதே எழுத்துதான் வர வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒரு கட்டம். சாப்பாட்டில் எது ஆகாது என்று ஒன்று. போட்டோ எடுக்கலாமா என்று ஒன்று. கடைசிக் கட்டத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். குடியேற்றப் பத்திரம் இல்லாதவர் இருப்பார், அடித்த கணவனிடமிருந்து தப்பி வேறு பகுதியில் வாழும் பெண் இருப்பார். அவர்கள் முகம் அரங்கத்தின் விளம்பரத்தில் வந்தால் அதன் பலனை அனுபவிப்பது அவர்கள். ஒத்திகையில் போட்டோ வேண்டாம் என்றவர்களுக்கு அடையாள அட்டையின் நாடாவை வேறு நிறத்தில் கொடுத்தால் போட்டோகிராபருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

சாப்பாடு. ஆறு மணிக்கு ஒத்திகை என்றால் ஐந்தரைக்குச் சாப்பாடு இருக்க வேண்டும். ஒத்திகை முடிந்து கொடுப்பதில் பயனில்லை. பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளை ஏழு மணிக்குள் பசியில் சுருண்டுவிடும், நடிப்பு பிடிக்கவில்லை என்று நீங்கள் தவறாக நினைப்பீர்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் கணக்குப் போட்டால் பற்றாது. கூட வரும் தம்பி, தங்கை, பாட்டி எல்லோரும் சாப்பிடுவார்கள். பதிவு எண்ணிக்கையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லுங்கள். ஹலால், சைவம், கடலை சேராதது என்று தனித்தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வைத்து மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: பிரபல நடிகரும் அதே வரிசையில் நின்று அதே தட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் நாள் அவருக்குத் தனி அறையில் சாப்பாடு போனால், மேடையில் எத்தனை முறை கைகோத்து வணங்கினாலும் அந்தக் கோடு அழியாது.

பாட்டை எழுதும்போதும் சமத்துவம் பார்க்க வேண்டும். கூட்டப் பாடலின் மெட்டு ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் 'ஸ'வுக்கும் மேல் 'ஸ'வுக்கும் இடையில், அடங்கட்டும். அதைத் தாண்டினால் பயிற்சி பெற்ற குரல்கள் மட்டுமே கேட்கும், மற்றவர்கள் வாயசைப்பார்கள். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் அமைப்பு மிகவும் உதவும். எழுத்து படிக்கச் சிரமப்படுபவருக்கும் ஆங்கிலம் புதிதானவருக்கும் மனப்பாடச் சுமை பாதியாகும். ஒவ்வொரு குரலுக்கும் தனியாகப் பதிவு செய்த ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வசனத் தாள் 16 புள்ளி அளவுப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

குரல் தேர்வு வைக்கலாம். யாருக்கு எந்த இடம் என்று பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள். வகுப்புக்கு வந்தவர் எல்லோருக்கும் மேடையில் இடம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். தனி வசனம் உள்ள ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இன்னொருவர் அந்த வரிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆட்கள் வராமல் போவார்கள். மூன்று முறை வராவிட்டால் நீக்கம் என்ற விதியைத் தொழில்முறை நாடகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அந்த விதி வெட்டுவது யாரை என்று பாருங்கள்: ஷிஃப்ட் மாற்றப்பட்டவரை, டயாலிசிஸுக்குப் போகிறவரை, அம்மா வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பதினான்கு வயதுப் பெண்ணை. நீக்குவதற்குப் பதில், இரண்டாவது முறை வராதபோது ஒருங்கிணைப்பாளர் போன் செய்து காரணம் கேட்கட்டும். தீர்க்கக்கூடிய காரணமாகவே பெரும்பாலும் இருக்கும். நாடகம் மூன்று நாளிலிருந்து பல வாரமாக நீண்டால் இது இன்னும் முக்கியம். 2018-ல் பப்ளிக் ஒர்க்ஸின் 'ட்வெல்ஃப்த் நைட்' நீண்ட நாள் ஓடியபோது ஊர்மக்கள் கூட்டத்தை இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேடையேற்றினார்கள். வேலைக்குப் போகிறவரால் ஒரு மாதம் இரவு இரவாக வர முடியாது.

எல்லாவற்றிலும் கடினமான இடம் ஒன்று உண்டு. பலரும் அதைத் தொடத் தயங்குகிறார்கள். ஒரே மேடையில் எட்டு வயதுப் பிள்ளையும் சிறையிலிருந்து வந்தவரும். குழந்தைப் பாதுகாப்பு என்றதும் அரங்கத்தின் வழக்கறிஞர், பெரியவர்கள் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை, எதுவும் இருந்தால் நீக்கம் என்று எழுதித் தருவார். அந்த ஒரு வரியில் நீங்கள் அழைத்து வந்த ஒரு அமைப்பே முழுதாக வெளியே போய்விடும். குழந்தைகளின் பாதுகாப்பில் இம்மியும் விட்டுக்கொடுக்க முடியாது, உண்மை. ஆனால் பாதுகாப்பு என்பது யாருடைய பழைய கோப்பையும் புரட்டுவதில் மட்டும் இல்லை, இடத்தையும் ஆளையும் ஒழுங்குபடுத்துவதில் இருக்கிறது. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கும் நிலை எங்கும் வரக் கூடாது, இயக்குநர் உட்பட. எப்போதும் இரண்டு பெரியவர்கள். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் தனி. குழந்தைகளுக்கு அவர்களுக்கென்றே பயிற்சி பெற்ற, சோதிக்கப்பட்ட காப்பாளர்கள். இங்கிலாந்தில் உரிமம் பெற்ற ஒரு காப்பாளர் அதிகபட்சம் 12 குழந்தைகளைத்தான் பார்க்கலாம். அது உச்சவரம்பு. சின்னப் பிள்ளைகள் என்றால் ஆறு பேருக்கு ஒருவர் என்று வைப்பதே நிம்மதி. சட்டப்படி குழந்தைகளோடு வேலை செய்யத் தடை உள்ளவர் யாராவது இருந்தால் அது வேறு விஷயம், அங்கே பேச்சே இல்லை. தடை இல்லாத பழைய தண்டனையை மட்டும் வைத்து ஒருவரை வெளியேற்றக் கூடாது.

பரோலில், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே இருப்பவருக்கு இன்னொரு சிக்கல், இரவு இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. ஒத்திகை இருபது நிமிடம் நீண்டால் இயக்குநருக்கு அது சாதாரணம், அவருக்கு அது விதிமீறல். ஒத்திகை அட்டவணையை அரங்கத்தின் கடிதத்தாளில் அச்சிட்டு, அவரைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு முன்கூட்டியே அனுப்பி, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பதிவுத் தாளில் 'எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்' என்ற கட்டம் இதற்காகவும்தான். அந்த நேரம் வந்தால் பாட்டு பாதியில் இருந்தாலும் ஸ்டேஜ் மேனேஜர் அவரை அனுப்பிவிட வேண்டும்.

மேடை நுழைவுக்கு ஒரு கணக்கு. பழக்கமில்லாத ஆட்கள் ஒரு வாசல் வழியாக நொடிக்கு ஒருவர் என்று வரலாம். 200 பேர் ஒரே வாசலில் வந்தால் 3 நிமிடம் 20 நொடி. நாலு வாசலில் பிரித்தால் 50 நொடி. இசையமைப்பாளர் 30 நொடி இசைதான் எழுதியிருப்பார். இதைத் தாளில் போட்டுப் பார்க்காததால் இறுதி ஒத்திகையில் நெரிசல், தள்ளுமுள்ளு, யாராவது கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வார்கள். கைத்தடி ஊன்றுபவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் நாடகம் தொடங்கும் முன்பே மேடையில் இருக்கட்டும், கதையிலும் அதற்குக் காரணம் வையுங்கள். சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி மேடைக்கு 18 அடி. செட் போட்ட பிறகு இந்த 18 அடியைத் தேடினால் கிடைக்காது, முதல் வரைபடத்திலேயே போட வேண்டும். காலர் மைக் இருபதுக்குமேல் வைத்தால் கட்டுப்படுத்துவது சிரமம். தனி வசனக்காரர்களுக்கு மட்டும் கொடுத்து, கூட்டத்துக்கு மேடை ஓர மைக் போதும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. நன்கொடையாளர்கள் நாடகத்துக்குக் கொடுப்பார்கள், பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை வகுப்புக்குக் கொடுக்க யோசிப்பார்கள். இரண்டையும் தனித்தனித் தலைப்பில் எழுதாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பட்ஜெட், நாடகம் அதில் ஒரு மாதம். அப்படி எழுதாத திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது வகுப்புதான். வகுப்பு போனால் அடுத்த வருஷம் மேடைக்கு வருவது மறுபடியும் பொது அறிவிப்பைப் பார்த்து வருகிறவர்கள்.

பப்ளிக் ஒர்க்ஸின் இந்த முன்மாதிரி பிறகு டல்லாஸுக்கும் சியாட்டிலுக்கும் போனது, 2017-ல் இரண்டு ஊரிலும் மேடையேறியது. லண்டன் நேஷனல் தியேட்டர் 'பப்ளிக் ஆக்ட்ஸ்' என்று தொடங்கி 2018-ல் 'பெரிகிளிஸ்' போட்டது. 2023-ல் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. 'தி ஒடிசி'யை ஐந்து பாகமாக்கி, நான்கை ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட், டான்காஸ்டர், டிரோபிரிட்ஜ், சண்டர்லாண்ட் ஊர்களிலேயே போட்டு, ஐந்தாவதை மட்டும் லண்டனில் முடித்தார்கள். தலைநகரத்துக்கு மக்களை இழுக்காமல் கதையை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசிக் காட்சி முடிந்த இரவுக்கும் ஒரு மேஜை வேண்டும். எண் போட்ட உடைகளைத் திரும்ப வாங்கும் மேஜை. அன்று பிள்ளைகள் அழுவார்கள், அடுத்த வாரம் பள்ளியில் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பார்கள், அது இயல்பு. வீட்டுக்கும் ஒரு வரி சொல்லிவையுங்கள். உடையை வாங்கிக்கொண்டு கையில் ஒரு சீட்டைக் கொடுங்கள். அதில் அடுத்த வகுப்பின் தேதி, நேரம், இடம். இரண்டு வாரத்துக்குள் இருக்க வேண்டும், அதே இடத்தில், அதே பயிற்சியாளரோடு, ஐந்தரைக்குச் சாப்பாட்டோடு.